கோவிலுக்கு வெளியே தேடுகிறவர்கள்: மொரிசியஸ் தமிழ் ஆலய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், சமய வகுப்புகளை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் இத்தீவின் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். காவடி எடுக்கும் குடும்பத்தில் பிறந்து, கோவில் மண்டபத்தில் அன்னதானப் பந்தி பரிமாறி வளர்ந்தவன். தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நம் கோவில் மேடைகளில் நவீன இயற்பியலின் பெயரால் சொல்லப்படும் பொய்களை நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. எந்தக் கோவிலிலும் பெயர் பதியாமல், சடங்கு எதுவும் செய்யாமல், தமக்குள்ளேயே அமைதியாகத் தேடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை வழி தவறியவர்கள் என்று சொல்லக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் கேட்கலாம். பிள்ளைகள் விலகிப் போகிறார்களே என்ற கவலையில்தான் இயற்பியல் மேடையேற்றப்படுகிறது. அங்கே சொல்லப்பட்டது தவறு என்பதை வகுப்பறையில் படித்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளை முன்னைவிட வேகமாக விலகுகிறது. இதைப் பல ஆண்டுகளாக நான் கண்ணெதிரே பார்த்து வருகிறேன்.

அண்மையில், தைப்பூச விரத நாட்களில், ஒரு கோவிலில் நடந்த சொற்பொழிவைக் கேட்டேன். எந்தக் கோவில், பேசியவர் யார் என்பதைச் சொல்வது என் நோக்கமன்று. அவர் நல்ல குரல்வளம் உடையவர்; தேவாரத்தை உருகிப் பாடினார். பாடி முடித்த பிறகு, திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் சில நொடிகள் நின்று விடுகின்றன என்றும், சிதம்பரம் உலகின் காந்த நடுக்கோட்டுக்கு நடுப்புள்ளி என்றும், குவாண்டம் பிணைப்பின் வழியாகவே நம் வேண்டுதல் கடல் கடந்து இருப்பவரையும் சென்று சேர்கிறது என்றும், பார்ப்பவன் இல்லாமல் உலகமே இல்லை என்பதை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்றும் அடுக்கிக்கொண்டே போனார். பெரியவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் என் பழைய மாணவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எழுந்து மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று நாம்தானே அவர்களை வளர்த்திருக்கிறோம்.

அன்று அவர்கள் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். தாழ்ந்த பாதையில் புவியைச் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் தாங்குகிறது. நின்றால் விழுந்துவிடும். புவியிலிருந்து பார்க்கும்போது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் வேறு வகை. அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே இருக்க முடியும். திருநள்ளாறு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அதன் தலைக்கு மேல் எந்தச் செயற்கைக்கோளும் நிற்க வழியில்லை. காந்த நடுக்கோடு என்பது, காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்து, புவியை முழுவதுமாகச் சுற்றி வரும் ஒரு கோடு. அதற்கு நடுப்புள்ளி என்று எதுவும் கிடையாது. அக்கோடும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது நகர்கிறது. இவ்வளவையும் பள்ளிப் பாடநூலைக் கொண்டே சரிபார்க்கலாம். சிதம்பரத்தின் பெருமை அங்கே பாடப்பட்ட பாடல்களிலும் ஆடல்வல்லானின் வடிவத்திலும் இருக்கிறது. அதற்குக் காந்த ஊசியின் துணை வேண்டியதில்லை.

குவாண்டம் பிணைப்பைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். அது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஒன்றாக உருவான இரண்டு துகள்களை எவ்வளவு தொலைவுக்குப் பிரித்தாலும், ஒன்றின் அளவீட்டு முடிவுக்கும் மற்றொன்றின் முடிவுக்கும் இடையே ஓர் ஒத்திசைவு இருக்கிறது. துகள்கள் பிரியும்போதே தத்தம் விடையைச் சுமந்துகொண்டு போகின்றன என்று கொண்டால், அந்த ஒத்திசைவு எந்த அளவைத் தாண்ட முடியாது என்பதை 1964ஆம் ஆண்டில் ஜான் பெல் கணக்கிட்டார். சோதனைகளில் இயற்கை அந்த அளவைத் தாண்டியது. அதைச் செய்து காட்டிய ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த ஒத்திசைவைக் கொண்டு ஓர் எழுத்தைக்கூட ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்ப முடியாது என்பதையும் அதே கொள்கை உறுதியாகச் சொல்கிறது. இங்கே அளப்பவருக்குக் கிடைப்பது ஒழுங்கில்லாத விடைகளின் வரிசை. அங்கே அளப்பவருக்குக் கிடைப்பதும் அப்படியே. இரண்டு வரிசைகளையும் வழக்கமான முறையில் ஒருவருக்கொருவர் அனுப்பி ஒப்பிட்ட பிறகே ஒத்திசைவு தெரியவரும். ஆகவே பிரான்சில் இருக்கும் மகனுக்காக இங்கே ஒரு தாய் வேண்டிக்கொள்வதைப் பிணைப்பின் கணக்கில் எழுதுவது தவறு. அந்தத் தாயின் வேண்டுதலை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. அது தன் காலிலேயே நிற்கக் கூடியது. நாளைக்கே ஒரு சோதனைச்சாலை முடிவால் விழுந்துவிடக் கூடிய ஊன்றுகோலை அதற்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பார்ப்பவன் பற்றிய பேச்சும் இப்படித்தான். குவாண்டம் இயற்பியலில் அளவீடு என்றால் மனிதக் கண்ணும் மனமும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூட்டிய அறையில் இருக்கும் ஓர் உணர்கருவி போதும். சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகள் மோதினாலே நுண்துகளின் குவாண்டம் நிலை சிதைந்துவிடுகிறது. அளவீட்டின்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தீராத அந்த வழக்கை நமக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டதாக அறிவிப்பது நேர்மையாகாது.

ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நடராசர் சிலை இருக்கிறதே என்ற கேள்வியும் எழும். இருக்கிறது. 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு அன்பளிப்பாக அளித்த, இரண்டு மீட்டர் உயரமான சிலை அது. துகள்கள் தோன்றி மறைவதை ஆடலாகக் காண்பது ஓர் அழகிய கற்பனை. கவிஞனுக்கு உரிய பார்வை அது. சிலை அங்கே நிற்பதால் சைவ சித்தாந்தம் மெய்ப்பிக்கப்பட்டதாகவோ, நின்றிராவிட்டால் அது பொய்யாகியிருக்கும் என்றோ யாரும் சொல்ல முடியாது.

இதைவிட ஆழமான சான்று ஒன்று உண்டு. மின்காந்த விசையும் அணுக்கருவின் மெல்விசையும் ஒரே விசையின் இரு முகங்கள் என்று காட்டியதற்காக 1979இல் மூவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ள முஸ்லிம். ஸ்டீவன் வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். ஒரே கோட்பாட்டை இருவரும் தனித்தனியே எழுதினார்கள். குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான எர்வின் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களைப் போற்றினார். நம் இனத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். விண்மீன்களின் முடிவைப் பற்றிய அவருடைய கணக்கு, கும்பிடுகிறவருக்கும் கும்பிடாதவருக்கும் ஒரே விடையைத்தான் தருகிறது. இயற்பியல் யார் பக்கமும் சாட்சி சொல்ல வருவதில்லை. அதை வற்புறுத்திக் கூண்டில் ஏற்றினால், நம் வாய்ச்சொல்லைத்தான் அதன் வாயில் திணிக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்காகத் தீமிதியைச் சொல்கிறேன். நம் தீவில் தீமிதி நடக்காத தமிழ் வட்டாரம் குறைவு. பூக்குழியை விறகு அடுக்கி எரித்து, தணலைச் சமன் செய்து, ஓரத்தில் பால் ஊற்றிய குழியை ஆயத்தம் செய்யும் வரை பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். விறகுக்கரி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். அதன் மேல் படியும் சாம்பல் இன்னும் மெதுவாகக் கடத்தும். ஒவ்வோர் அடியும் தணலில் படிவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அதே சூட்டில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து நடக்கச் சொன்னால் எந்த விரதமும் காப்பாற்றாது. இதை நான் வகுப்பில் சொன்னபோது பூக்குழி இறங்கும் பழக்கமுள்ள ஒரு மாணவன், அப்படியானால் நான் பத்து நாள் இருந்த விரதத்துக்குப் பொருளே இல்லையா என்று கேட்டான். பொருள் இருக்கிறது என்றேன். பத்து நாள் நாவை அடக்கினாய், கோபத்தை அடக்கினாய், குழியின் விளிம்பில் உன் அச்சத்தை நேருக்கு நேர் பார்த்தாய், உள்ளங்கால் வேகாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அவன் அடுத்த ஆண்டும் இறங்கினான்.

ஆனால் கால் வெந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். தணல் சமமாக இல்லாததாலோ, நடை தடுமாறியதாலோ, ஒரு கங்கு விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டதாலோ அது நேர்கிறது. விரதத்தில் குறை இருந்திருக்கும் என்று ஊர் பேசுமே என்ற வெட்கத்தில் புண்ணை மறைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகாமல், மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு கிடந்த ஒரு பெண்மணியை நான் அறிவேன். வெப்பக் கடத்தலைப் பற்றிய உண்மையை மேடையிலிருந்து யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், அந்த அம்மா கூசிக்கொண்டு கிடந்திருக்க வேண்டியதில்லை.

தங்கள் கவலையும் எனக்குப் புரிகிறது. இத்தீவில் தமிழர் என்பது மொழியின் பெயராக மட்டும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சமயக் கேள்விக்கு நம்மவர் பலர் தமிழ் என்றே விடை தருகிறார்கள். சமய அமைப்புகளுக்கான அரசு மானியம் அந்தத் தலைக்கணக்கைச் சார்ந்திருக்கிறது. ரூபாய்த் தாளில் தமிழின் இடம் இந்திக்குப் பின்னால் மாறியபோது 1998இல் நாம் கொதித்தெழுந்து, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வைத்தோம். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கும் பிள்ளைகளின் காதில் தமிழ் விழும் இடம் பெரும்பாலும் கோவில்தான். ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாவது அவர்கள் திருப்புகழ் பாடுகிறார்கள் என்றால் அது தங்கள் உழைப்பு. ஆகவே ஒரு பிள்ளை தனக்குச் சமயம் இல்லை என்று சொல்லும்போது, தமிழே வேண்டாம் என்று சொல்வதாகத் தங்கள் காதில் விழுகிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் காசு சேர்த்துக் கட்டிய கோவில் ஆளில்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல என்பதை நான் அறிவேன்.

அப்படிச் சொல்லும் பிள்ளைகளில் சிலரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஒரு பெண், கணக்காளராக வேலை பார்க்கிறவள், தினமும் விடியற்காலையில் கோர் தெ கார்த் மலையைப் பார்த்தபடி முற்றத்தில் அரை மணி நேரம் கண்மூடி உட்கார்கிறாள். மந்திரம் இல்லை, விளக்கு இல்லை. யாரை நினைக்கிறாய் என்று கேட்டேன். யாரையும் நினைப்பதில்லை சார், நான் நான் என்று சத்தம் போடுவது கொஞ்ச நேரம் அடங்குகிறது, அவ்வளவுதான் என்றாள். அந்தச் சத்தம் அடங்குவதற்காகவே நம் முன்னோர் காடு மலை ஏறினார்கள். நட்டு வைத்த கல்லுக்குப் பூச்சாத்திச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்து, தலைவன் உள்ளே இருக்கும்போது கல் பேசுமா என்று சிவவாக்கியர் கேட்டார். வடலூர் வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் தொடங்கியபோது, ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒரு சோதியை வைத்தார். சாதியும் சமய வேறுபாடும் தேடலுக்குத் தடை என்று வெளிப்படையாகச் சொன்னார். இவர்களைத் தமிழுக்கு வெளியே தள்ள யாருக்கும் துணிவு வராது. இன்று அதையே அமைதியாகச் செய்யும் ஒரு பெண்ணை மட்டும் எப்படித் தள்ளுகிறோம்?

நம் சாதாரண மக்கள் இந்த வேலிகளை ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு செப்டம்பர் 9ஆம் நாளையொட்டி, சேன்ட் குருவாவில் உள்ள கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லவாலின் கல்லறைக்கு நடந்து போகும் கூட்டத்தில் நம்மவரும் கலந்து நடக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சமயச் சான்றிதழ் கேட்பதில்லை.

இயற்பியலுக்கும் ஆன்மிகத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. 1987 பிப்ரவரியில், நமக்கு அருகிலுள்ள ஒரு சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. வடநாடுகளில் பார்க்கக் கிடைக்காத அதை இத்தீவிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. நானும் கடற்கரையில் நின்று பல இரவுகள் பார்த்தேன். அந்த ஒளி புறப்பட்டது ஏறத்தாழ 1,68,000 ஆண்டுகளுக்கு முன். ஒளி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே, அந்த வெடிப்பிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் என்னும், பொருளோடு அரிதாகவே மோதும் நுண்துகள்கள் புவியைக் கடந்துபோயின; உலகெங்கும் உள்ள கருவிகள் இரண்டு டஜன் அளவில்தான் அவற்றைப் பிடிக்க முடிந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களோ ஒவ்வொரு நொடியும் நம் விரல்நகம் அளவுள்ள இடத்தில் சுமார் 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன. தாங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் போகின்றன. நம் உடலில் உள்ள அணுக்களில் எண்ணிக்கையால் பாதிக்கு மேற்பட்டவை ஹைட்ரஜன். அவற்றின் கருக்கள் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், பேரண்டத்தின் முதல் கணங்களில் உருவானவை. மூச்சில் உள்ள ஆக்சிஜனும் எலும்பில் உள்ள கால்சியமும் இரத்தத்தில் உள்ள இரும்பும் விண்மீன்களின் உள்ளேயும் அவற்றின் வெடிப்பிலும் சமைந்தவை. இதை 1957இல் பர்பிட்ஜ் தம்பதியர், ஃபௌலர், ஹாய்ல் ஆகிய நால்வரும் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள்.

இதைக் கேட்டு ஒருவருக்கு மயிர்க்கூச்செறிந்தால், அந்த உணர்வுக்கு நான் தலைவணங்குகிறேன். எல்லா உயிரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது இயற்பியல் சொல்லும் செய்தி. ஆகவே எல்லா உயிரிடத்தும் அன்பு கொள் என்பது இயற்பியல் சொல்வது அன்று. அந்த அடியை எடுத்து வைப்பது நாம். வள்ளலார் அந்த அடியை அணுக்கருவைப் பற்றி எதுவும் அறியாமலேயே எடுத்து வைத்தார். இயற்பியலை முழுவதும் கற்றவர்கள் சிலர் எடுத்து வைக்காமலே போனார்கள்; அணுகுண்டு அப்படித்தான் வந்தது.

தனித்துத் தேடுகிறவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன். கோவிலை விட்டு வெளியே வருகிறவர்களைப் பிடிக்கக் கடைவிரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். குவாண்டம் சிகிச்சை, அதிர்வெண் வளையல், ஆற்றல் நீர் என்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். வீட்டில் தனியே கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு, இது பொய்யப்பா என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. இதைத் தடுக்கும் வலிமை, ஊருக்கு ஒரு மண்டபமும் நாலு பெரியவர்களும் வைத்திருக்கும் தங்களுக்குத்தான் இருக்கிறது. அதே கடைச் சரக்கைத் தாங்களே மேடையில் விரித்தால் பிறகு யார் தடுப்பது?

ஆகவே என் வேண்டுகோளை நேரடியாகவே வைக்கிறேன். அறிவியல் பெயரைச் சொல்லிப் பேச வரும் சொற்பொழிவாளரை அழைக்கும் முன், நம் ஊரில் இயற்பியல் கற்பிக்கும் ஒருவரிடம் அவர் பேசப்போவதைக் காட்டுங்கள். அப்படிப்பட்ட ஆசிரியர் இல்லாத வட்டாரம் நம் தீவில் இல்லை. சமய வகுப்புப் பாடத்தில் தேவாரத்தோடு சித்தர் பாடல்களையும் வள்ளலாரையும் சேருங்கள். கோவிலையே கேள்வி கேட்ட தமிழையும் கோவிலே கற்பிக்கட்டும். பூசை இல்லாத ஏதாவது ஒரு மாலையில் மண்டபத்தைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பேசாமல் உட்காரலாம் என்று அறிவியுங்கள். பெயரேடு வேண்டாம், சந்தா வேண்டாம், நெற்றியைப் பார்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. வடகிழக்குக் கரையில் பிரா தோவில், 151.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தென்வானத்தை வரைபடமாக்க, இந்திய ஆய்வு நிறுவனங்களும் நம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1992இல் நிறுவிய வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. கிழக்கு மேற்காக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் வரிசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுருள் அலைவாங்கிகள் நடப்பட்டன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும்? ஆண்டுக்கு ஒரு முறையாவது சமய வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக்கான செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன்.

மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை நம் வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். அமாவாசையையொட்டிய ஒரு மாலையை எந்தக் கோவில் ஒதுக்கித் தந்தாலும், வளாகத்தின் வெளிவிளக்குகளை இரண்டு மணி நேரம் அணைக்கச் சம்மதித்தாலும், என் பழைய மாணவர்கள் சிலரோடு இரண்டு தொலைநோக்கிகளைக் கொண்டுவந்து, தென்சிலுவையையும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தையும் சனியின் வளையம் தென்படும் காலமானால் அதையும் காட்டுகிறேன். அங்கே சமயத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். கேள்விகளுக்குத் தெரிந்தவரை விடை சொல்வேன். தங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, ஒப்புதலானாலும் மறுப்பானாலும் அதற்கான காரணத்தோடு எழுதித் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மீது மதிப்புள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்